முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டின் முறை

ஆவுடையப்பன் தன் கையாலேயே ஈயம் பத்தவைத்துச் செய்த ரேடியோவில் திருநெல்வேலி நிலையம் வரவில்லை. வெள்ளைப்பாறை மில் லைன் வீடுகளில் முதல் நம்பர் வீட்டு மாடத்தி, பதினாறு வருஷமாகத் தன் மாமியாரிடம் சொல்ல வாயெடுத்து, வாயெடுத்து, எச்சிலோடு சேர்த்து விழுங்கியிருந்த பேச்சுதான் வந்தது. சித்திரை மாதத்து ஒரு சாயங்காலம், சரியாக ஆறு மணிக்கு, கொர்ரென்று ஓர் இரைச்சல், இரைச்சலுக்குள்ளே ஒரு விசில், விசிலைத் தாண்டி மாடத்தியின் சொந்தக் குரல்: "அத்தே, அந்த நெல்லிக்கா ஊறுகாயில நான் உப்பச் சாஸ்தியாப் போடல. நான் போட்டது தெரியாம நீங்கதான் ரெண்டாம் மொற போட்டிய. சம்பந்தகாரங்க முன்னால என்னயத் திட்டினிய. நான் வாயத் தொறக்கல." ரேடியோவைப் பார்க்கக் கூடி நின்ற இருபது பேரும் ரேடியோவை விட்டுவிட்டு மாடத்தியைப் பார்த்தார்கள். மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமியார்க்காரி, "ஆமா, நாந்தான் போட்டேன். அதுக்கு இப்ப என்ன?" என்று சொல்லி, சொன்ன கையோடு சிரித்துவிட்டாள்.

இது எப்படி வந்தது என்று கேட்டால் வெள்ளைப்பாறையில் யாருக்கும் பதில் தெரியாது, ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவே இல்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணியை எடுப்போமா, மழை எதற்கு வந்தது என்று விசாரித்துக்கொண்டு நிற்போமா? மறுநாள் ஆறு மணிக்கு இரண்டாம் நம்பர் வீடு வந்தது, அதற்கு மறுநாள் மூன்றாம் நம்பர் வந்தது. திருகைத் திருப்பினாலும் சரி, திருப்பாவிட்டாலும் சரி, ஏரியல் கம்பியை வேப்பமரத்தில் கட்டினாலும் அவிழ்த்தாலும், நாளுக்கு ஒரு வீடு, வரிசை பிசகாமல், அந்தந்த வீட்டார் இன்னும் சொல்லாத பேச்சு. லைன் வீடுகள் மொத்தம் நாற்பத்தெட்டு. ஆவுடையப்பன் வீடு முப்பத்தொன்று. முதல் நாள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது அவன் மட்டும் விரலை மடக்கி நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அவன் விழுங்கியிருந்த பேச்சு ஊறுகாய்ப் பேச்சு இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்துக் கதை சொல்கிற புத்தி எனக்குக் கிடையாது.

ஆவுடையப்பன் மில்லில் எலெக்ட்ரீஷியன். கம்ப்யூட்டர் என்ற வார்த்தையையே அந்த ஊரில் யாரும் கேட்டிராத காலம் அது. ஆனால் 'ஒலிப்பெட்டி' என்கிற மாதப் பத்திரிகை பட்டணத்திலிருந்து தபாலில் வரும், அதில் 'நீங்களே செய்யலாம்' என்று நாலு பக்கம் வரும், அந்த நாலு பக்கத்துக்காக அவன் மாசத்தின் மற்ற நாளெல்லாம் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். பாகங்களுக்கு எழுதிப்போட்டால் வி.பி.பி.யில் ஒரு அட்டைப் பெட்டி வரும், தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் மிளகு மாதிரி, சீரகம் மாதிரி, கோடு போட்ட மிட்டாய் மாதிரிச் சாமான்கள் கிடக்கும். அதை வைத்து அவன் இருட்டினால் தானாக எரிகிற விளக்குச் செய்தான். அமாவாசைக்கு எரிந்தது, பௌர்ணமிக்கு அணைந்தது, மற்றபடி குறை சொல்ல முடியாது. மழை பெய்தால் மணியடிக்கிற கருவி செய்தான். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அதன்மேல் ஒண்ணுக்குப் போன அன்றைக்குத்தான் அது முதல் தடவையாக அடித்தது. லைன் முழுக்கச் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் சூசைமரியான். "சிரிக்கட்டும்லே. அடிச்சுதா இல்லியா? அடிச்சிட்டுல்லா?" என்று கேட்டவன் அவன்தான். சூசை லாப் மெஷினில் வேலை பார்த்தான், அதாவது பஞ்சை உருளைகளுக்கு நடுவே நசுக்கிப் பாய் மாதிரிச் சுருட்டித் தருகிற மெஷின். முப்பதாம் நம்பர் வீடு. இருவருக்கும் நடுவில் ஒரே சுவர்.

பாட்டுக் கேட்க ஒரு ரேடியோ செய்துவிட வேண்டும் என்பது இரண்டு பேருடைய ஆசையும்தான். மாசி மாத இதழில் இரண்டு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் படம் வந்தது. எல்லாச் சாமானும் கிடைத்தது, காயில் என்கிற கம்பிச்சுருளைச் சுற்றுகிற கம்பி மட்டும் கிடைக்கவில்லை. தலைமுடி மொத்தத்தில் எனாமல் பூசிய செம்புக் கம்பி. திருநெல்வேலிக் கடைகளில் அலைந்தும் இல்லை. அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். லாப் மெஷின் பேனலுக்குள்ளே ஒரு சின்ன ரிலே இருந்தது, மூடியைத் திறந்தால் மெஷினைத் தானாக நிறுத்துவதற்கென்றே வைத்தது. அந்த ரிலேயின் வயிற்றுக்குள் அதே கம்பி, அதே மொத்தம். வெள்ளிக்கிழமை மெஷின் ரிப்பேருக்கு நின்றிருந்தது. கழற்றிக்கொண்டு வந்தான். திங்கட்கிழமை ஸ்டோரில் வேறு ரிலே வாங்கி மாட்டிவிடலாம் என்று கணக்கு. வீட்டுக்கு வந்து, மனைவி கோமு ரிலேயின் சுருளைப் பென்சிலில் கோத்துப் பிடித்து மெல்ல மெல்ல விட, அவன் சுற்று எண்ணி எண்ணிக் காயிலில் சுற்றினான். பழைய ரிலே என்றுதான் அவளிடம் சொன்னான்.

சனிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி வந்து, "உற்பத்தி பத்தல, ஆவுடை, அந்த மெஷின எப்படியாவது ஓட்டு" என்றார். ஸ்டோர் பூட்டியிருந்தது. எலெக்ட்ரீஷியன்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு, 'டைரக்ட் கொடுக்கிறது' என்பார்கள். இல்லாத பாகத்தின் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் மெஷின் ஒன்றும் தெரியாத மாதிரி ஓடும். டைரக்ட் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சூசையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அப்போது சூசை சாப்பிடப் போயிருந்தான், வந்ததும் சொல்லலாம் என்று இவன் இருந்தான், அதற்குள் நூற்புப் பக்கம் ஒரு மோட்டார் புகைகிறது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டான். சூசைக்குப் பதினோரு வருஷப் பழக்கம், பஞ்சு அடைத்துக்கொண்டால் இடது கை மூடியைத் தூக்கும்போதே வலது கை உள்ளே போகும். தூக்கினால் மெஷின் நின்றாக வேண்டும். நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் ஆவுடையப்பன் துண்டு ஒயரை எடுத்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் திருநெல்வேலிக் கடையில் வாங்கி வந்த புது ரிலேயை மாட்டினான். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து மூன்று தடவை மூடியைத் திறந்தார், மூன்று தடவையும் மெஷின் சமர்த்தாக நின்றது. அப்புறம் என்ன? சூசை மூடியைத் திறக்கவே இல்லை, பக்கவாட்டுச் சந்து வழியாகக் கையை விட்டிருக்கிறான், தப்பு அவனுடையது, விட்டுவிட்டு மெஷின்மேல் பொய்யும் சொல்கிறான் என்று எழுதினார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் சூசையை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. அதில் பொய்யன் என்று முடிவானால் வேலையும் போகும், வீடும் போகும், வலது கையில் நாலு விரல் இல்லாதவனுக்கு வேறு மில்லில் யார் வேலை கொடுப்பார்கள்?

அந்தக் காயிலை ஆவுடையப்பன் பரண்மேல் தூக்கிப் போட்டிருந்தான். அதை எடுக்கச் சொன்னது வேறு யாருமில்லை, சூசைதான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "சும்மாவே உக்காந்து கெடக்கேன், மாப்ளே. அந்த ரேடியோவ முடிச்சிரு. நாலு பாட்டாவது கேக்கலாம்" என்றான். மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? முடித்தான். மாடத்தியின் குரல் வந்தது.

லைன் வீட்டு ஜனங்கள் இதற்குப் பழகிக்கொண்ட வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ரேடியோ பேசியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மூன்றாம் நாளே அதை லைன் படிப்பகத்துக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, ஆளுக்கொரு டார்ச்சு செல் கொடுத்து, ஐந்தரைக்கெல்லாம் பாய் விரித்து இடம் பிடித்தார்கள். ஐந்தாம் நம்பர் இசக்கியம்மாளின் முறையன்று, அவள் தன் தங்கை வாழ்வைப் பார்த்து வயிறெரிந்த கதை முழுக்க அந்தத் தங்கையை வைத்துக்கொண்டே வெளியே வந்தது. இசக்கி எழுந்து ஓடவில்லை, மறுநாளிலிருந்து ரேடியோவுக்குக் காவலாகவே உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்டுக் குப்பைய ஊரே மோந்து பாத்தாச்சு. இனி ஒரு வீடு பாக்கியில்லாம வரணும், ஆமா" என்றாள். ரேடியோ லைசென்ஸ் பார்க்க வந்த தபாலாபீஸ்காரர் எந்த நிலையம் கேட்கிறீர்கள் என்று கேட்க, எல்லாரும் ஒரே குரலாக "உள்ளூர்" என்றார்கள், அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

போகப் போக அதன் சட்டதிட்டங்களும் தெரிந்தன. முறை வருவதற்கு முன்னால் பேச்சைச் சொல்லிவிட்டால் அது ரேடியோவில் வராது, இரைச்சல் மட்டும் வரும். இதற்கு 'முந்திச் சொல்றது' என்று பேர் வைத்தார்கள். ஆனால் யாருக்கு உரிய பேச்சோ அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நம்பர் செல்லையா புத்திசாலித்தனமாகத் தன் ஆட்டுக்கிடாயிடம் சொல்லிவிட்டு வந்து ஜம்மென்று உட்கார்ந்தார், மறுநிமிஷமே அவர் குரல் அவர் மச்சினன் பேரைச் சொல்லி ஆரம்பித்தது. முறைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கிற வீடுகளில் எந்நேரமும் பேச்சுச் சத்தம். அழுகை, அதட்டல், மூக்குச் சிந்தல், திடீரென்று ஒரு சிரிப்பு. பதினான்காம் வீட்டுக்கு வெறும் இரைச்சல் வந்தபோது பொரிகடலை கொடுத்தார்கள். பதினேழாம் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள்; இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது, இரண்டும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "காப்பி போடட்டுமா?" அன்றைக்குப் பாதி லைன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. ஆனால் இருபத்திரண்டாம் வீட்டில் அண்ணன் தம்பி. அப்பா செத்த அன்றைக்கு மருந்தை யார் கொடுக்கவில்லை என்கிற பேச்சு வந்தது. மறுநாள் காலையில் தம்பி வீட்டார் பாத்திரத்தை மூட்டை கட்டிப் பஸ் ஏறிவிட்டார்கள், போனவர்கள் திரும்பவே இல்லை. அன்றைக்கு யாரும் பாயைச் சுருட்டக்கூட எழுந்திருக்கவில்லை. ஆவுடையப்பன் மறுபடியும் விரலை மடக்கி எண்ணினான், இன்னும் ஒன்பது நாள்.

'ஒலிப்பெட்டி' ஆசிரியருக்கு அவன் முதல் வாரத்திலேயே கடிதம் எழுதியிருந்தான்: ஐயா, தங்கள் படத்தின்படி செய்த ரேடியோவில் அக்கம்பக்கத்தாரின் சொல்லாத பேச்சு கேட்கிறது, மற்ற வாசகர்களுக்கும் இப்படி உண்டா? பதில் கார்டு வந்தது: 'தங்கள் கடிதம் கிடைத்தது. காயில் சுற்றுகளைச் சரிபார்க்கவும்.' அப்புறம், ரேடியோ பத்தொன்பதாம் வீட்டில் நிற்கும்போது, சித்திரை இதழ் வந்தது. கடைசிப் பக்கத்தில், முகவரிக்கு மேலே, பொடி எழுத்தில் 'பிழை திருத்தம்'. மாசி இதழ் ரேடியோ படத்தில் மூன்றாவது கண்டன்சரின் ஒரு கால் காயிலின் நடுமுனைக்குப் போவதாகத் தவறாக அச்சாகிவிட்டது, அது கடைசி முனைக்குப் போக வேண்டும், வாசகர்கள் பொறுத்தருள்க. அவ்வளவுதான். ஒரு காலை எடுத்து அரை அங்குலம் தள்ளிப் பத்தவைத்தால் தீர்ந்தது, ரேடியோ ரேடியோவாகிவிடும். ஆவுடையப்பன் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வைத்துக்கொண்டானே தவிரச் செய்யத் துணிச்சல் வரவில்லை. செய்தால் இசக்கி கேட்பாள், எல்லாரும் கேட்பார்கள், யார் வீட்டுக்கு முன்னால் நின்றதோ அந்த வீட்டுக்காரனைத்தான் பார்ப்பார்கள். முந்திச் சொல்லிவிடலாம் என்றால் அதற்குச் சூசையின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று தடவை போனான். மூன்றாம் தடவை சூசை வாசலில் உட்கார்ந்து இடது கையால் தீக்குச்சி கிழிக்கப் பழகிக்கொண்டிருந்தான். பெட்டியை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கிழிக்கிறான், குச்சி ஒடிகிறது, இன்னொன்று எடுக்கிறான்.

"குடு, நான் பத்தவைக்கேன்."

"சும்மா இருலே. பழகணும்லா" என்ற சூசை, ஒடிந்த குச்சிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எல்லாரும் சொல்லுதாங்க, மாப்ளே, நான் மூடியத் தொறக்கலன்னு. நீ எலெக்ட்ரீசன். நீ சொல்லு. தொறந்தா நிக்காமப் போவுமா?"

சொல்லு, இப்போதே சொல்லு என்று ஆவுடையப்பனுக்கு உள்ளே ஒன்று பிடரியில் அறைந்தது. அவன் வாயிலிருந்து வந்தது, "பாப்போம்லே, விசாரணை வரட்டும்" என்பதுதான். வீட்டுக்கு வந்து குடத்துத் தண்ணீரை அப்படியே தூக்கிக் குடித்தான். கோமு அடுப்படியில் இருந்தாள். காயில் சுற்றிய அன்றைக்கு எங்கிருந்து வந்த ரிலே என்று அவளுக்குத் தெரியாது; விபத்து நடந்த மறுநாள் அவன் புது ரிலேயை மடியில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனபோதே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, அந்த வீட்டில் இரண்டு மாதமாக உப்பு எடு, கதவைச் சாத்து என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

புதன்கிழமை சூசையின் வீடு. இதுவரை இல்லாத கூட்டம். மேனேஜருக்கு வேண்டப்பட்ட டைம்கீப்பர்கூட வந்து கதவோரம் நின்றார். மெஷின்காரர்களை, மேஸ்திரியை, மில்லை என்று சூசை யாரையாவது கிழிக்கப்போகிறான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். இரைச்சல் அடங்கி வந்த குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "ரெத்தினம், ஒருவேள நான் தொறக்கவே இல்லியோ? இன்ஸ்பெக்டர் தொறந்தப்பல்லாம் நின்னுச்சுங்காவ. அப்போ எனக்குத்தான் கோட்டி புடிச்சிட்டா? என் கை செஞ்சத என்னாலயே நம்ப முடியல. நான் பொய்யந்தானோ, ரெத்தினம்?"

சூசையின் மனைவி ரெத்தினமேரி அவன் முதுகில் கை வைத்தாள். சூசை தலையை நிமிர்த்தவில்லை. டைம்கீப்பர் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து என்னவோ எழுதிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் பக்கமாக வேகமாகப் போனார். "அவனே சொல்லிட்டானப்பா" என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். அத்தனை பேர் கூடியிருந்த அந்த இடத்தில், சூசை பொய்யன் இல்லை என்று தெரிந்த ஆம்பளை ஒருத்தன்தான், அவன் மேசைக்குப் பக்கத்தில் செல் மாற்றுகிறவன் மாதிரி குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

வியாழக்கிழமை காலை ஷிப்டு முடிந்து வந்த ஆவுடையப்பன் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு, ஈயம் உருக்குகிற பத்துக்கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். கோமு பார்த்தாள். "எங்க?" என்றாள். "செல்லு பாக்க" என்றான். செல் பார்க்கப் பத்துக்கோல் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. படிப்பகத்துச் சாவி அவனிடம்தான் இருந்தது. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்து, ஈயத்தை உருக்கி, மூன்றாவது கண்டன்சரின் காலை நடுமுனையிலிருந்து எடுத்துக் கடைசி முனையில் வைத்தான். ஊதினான். வெள்ளி மணி மாதிரி இறுகிற்று. இரண்டு நிமிஷ வேலை. அவசரத்தில் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டான், அதுகூட வலிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், சந்தோஷமாகவே இருந்தது.

ஆறு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். சூசையும் வந்தான். அவன் வரமாட்டான் என்று ஆவுடையப்பன் நினைத்திருந்தான். இரைச்சல் இல்லை, விசில் இல்லை. கணீரென்று ஒரு குரல், நெற்பயிரில் குருத்துப்பூச்சி விழாமல் தடுப்பது எப்படி என்று ஆரம்பித்தது.

குருத்துப்பூச்சி யார் வீட்டு ரகசியம் என்று யோசிக்கிறவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கி முப்பத்தொண்ணுல்லா?" என்றாள் இசக்கி.

"நிலையம் புடிச்சிட்டு" என்றான் ஆவுடையப்பன். "தானாச் சரியாப் போச்சு போல."

"முந்திச் சொன்னா இரைச்சல்லா வரும்? இதென்னய்யா பூச்சியும் புழுவும்?"

குருத்துப்பூச்சி முடிந்து பாட்டு வந்தது. நல்ல பாட்டு. சூசையின் முகம் மலர்ந்தது, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக. "கேளுலே, எவ்வளவு தெளிவா இருக்கு!" என்று அவன் முட்டிபோட்டு ரேடியோவுக்குக் கிட்டே வந்தான். "இதுக்குத்தானலே நாம ரெண்டு பேரும் ஆசப்பட்டோம். சொன்னேன்லா, நீ செஞ்சிருவேன்னு."

ஆவுடையப்பனால் அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது என்பதுதான் கொடுமை. தலையை ஆட்டினான், சிரிக்கக்கூடச் செய்தான். தாங்கிக்கொள்ள முடியாமல் எழுந்தவள் கோமு. பெண்கள் பக்கத்திலிருந்து நேராக நடந்து வந்து, குனிந்து, ரேடியோவை அணைத்தாள்.

"அந்தக் காயிலச் சுத்த நாந்தான் பிடிச்சுக்குடுத்தேன்" என்றாள். உரக்கத்தான் சொன்னாள். "அந்தக் கம்பி எங்கேருந்து வந்துதுன்னு இவுக சொல்லுவாவ. சொல்லலேன்னா நான் சொல்லுதேன். ரேடியோ சொல்லலேன்னா எனக்கு வாயில்லாமப் போயிருமா?"

"ஏளா, உக்காரு."

"உக்கார மாட்டேன். அந்த அண்ணன் நேத்து இதே எடத்துல தன்னயே பொய்யன்னு சொல்லுது, நீங்க பக்கத்துல நின்னு செல்லத் தடவிக்கிட்டிருக்கிய. எனக்கு ராத்திரி சோறு எறங்கல. சொல்லுங்க. அந்த மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

முப்பது வீட்டார் முகங்கள் அவன் பக்கம் திரும்பின. முப்பது நாள் கேட்டுக் கேட்டுப் பழகிய முகங்கள். மௌனத்தில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு இனி ரேடியோ தேவைப்படவில்லை. ஆவுடையப்பன் சூசையைப் பார்த்தான். சூசை இன்னும் முட்டிபோட்டபடியே, பாட்டுப் போன ரேடியோவின்மேல் இடது கையை வைத்துக்கொண்டு, அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ தொறந்த" என்றான் ஆவுடையப்பன். "நீ மூடியத் தொறந்தது நெசம். தொறந்தா நிறுத்துத ரிலே அன்னிக்கு உள்ள இல்ல. கம்பிக்காக நாந்தான் கழட்டினேன். டைரக்ட் குடுத்து ஓட விட்டேன். உங்கிட்ட சொல்லல. மறுநா போயிப் புதுசு மாட்டி மறைச்சேன்."

சூசை அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் மனைவியைத் தேடினான். "ரெத்தினம்" என்றான். "ஏளா ரெத்தினம், கேட்டியா? நான் தொறந்தேன். நான் தொறந்திருக்கேன்ளா. எனக்குக் கோட்டி இல்ல." சொல்லிக்கொண்டே வந்தவன் உடைந்துபோய், கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதான். ரெத்தினமேரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இசக்கி மூக்கைச் சிந்தினாள். விரல் போன அன்றைக்குக்கூடச் சூசை இப்படி அழவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அழுது முடிந்தபின் அவன் எழுந்தான். எழுந்தபோது அந்த முகம் வேறாக இருந்தது. இடது கையால் ஆவுடையப்பனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னான்.

"பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னான்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீசுல இதையே சொல்லணும். நீ சொல்லுத வரைக்கும் நான் கைய விடமாட்டேன்."

முப்பத்திரண்டாம் வீட்டுச் சுப்புத்தாய், தன் முறை வராமலே போய்விட்டதென்று தப்பித்திருக்க வேண்டியவள், பாயைச் சுருட்டிக்கொண்டே, "ரேடியோ என்னத்தையும் பாடிக்கிடட்டும். நாளைக்கு ஆறு மணிக்கு நாங்க வந்து எங்க வாயாலயே சொல்லுதோம்" என்றாள். சரி என்று எல்லாரும் கலைந்தார்கள்.

சூசை கையை விடவில்லை. விடவில்லை என்றால் விடவே இல்லை. இருவரும் முப்பதாம் வீட்டில் ஒரே பாயில் படுத்தார்கள், ஆவுடையப்பன் விரல் மரத்துப்போனபோதும் கையை இழுத்துக்கொள்ளவில்லை, காலையில் கோமு கொண்டுவந்த இட்லியை அவன் ஒற்றைக் கையால் சாப்பிட்டான், சூசைக்கு ரெத்தினமேரி ஊட்டிவிட்டாள். அந்தப் பிடியிலேயே லைன் தெருவைக் கடந்து, மில் கேட்டைக் கடந்து, ஆபீஸ் படியேறினார்கள். வழியெல்லாம் ஜனம் ஒதுங்கி நின்று பார்த்தது.

மேனேஜர் மேசைமேல் டைம்கீப்பரின் நோட்டுத் தாள் இருந்தது. "என்ன இது கோலம்? முதல்ல கையை விடுப்பா" என்றார்.

"இவன் பேசட்டும் சார். அப்புறம் விடுதேன்" என்றான் சூசை.

ஆவுடையப்பன் பேசினான். வெள்ளிக்கிழமை கழற்றியது, சனிக்கிழமை டைரக்ட் கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை மாட்டியது எல்லாவற்றையும் நாள் நேரத்தோடு சொன்னான். மேனேஜர் இரண்டு தடவை குறுக்கே பேசி, இந்த ரேடியோப் பைத்தியத்தை இங்கே கொண்டுவராதே என்று அதட்டிப் பார்த்தார். அவன் நிறுத்தவில்லை. "எழுதிக்கிடுங்க சார். கையெழுத்துப் போடுதேன். இவன் பொய் சொல்லல" என்றான். குமாஸ்தா மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே லைன் வீட்டார் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். குமாஸ்தா எழுத ஆரம்பித்தார்.

கடைசி வரி எழுதி முடித்துக் கையெழுத்தும் ஆனபிறகு, சூசை ஒவ்வொரு விரலாகப் பிரித்து மணிக்கட்டை விட்டான். ஆவுடையப்பன், "மாப்ளே" என்றான். சூசை, குமாஸ்தா எழுதிய தாளை மட்டும் குனிந்து ஒரு தடவை முழுக்கப் படித்தான், படித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.